மத்தியானக் குளியல்

கறுப்புக் கண்ணாடி, துப்பாக்கி, கடத்தல் தங்கம், கள்ளப் படகு என்று ஒரு ஜாதிக் கதைகள் உண்டு. அவற்றை ஆண்கள் ரயிலில் படித்தார்கள். படித்து முடித்து இருக்கையிலேயே போட்டுவிட்டு இறங்கினார்கள். நான் சொல்ல வருவது அவற்றைப் பற்றி இல்லை. எங்கள் கதைகளில் யாரும் வீட்டை விட்டு அதிகமாக வெளியே போக மாட்டார்கள். புதிதாகக் கல்யாணமான ஒருத்தி இருப்பாள். புக்ககம் பெரிய வீடு, மாடியில் ஓர் அறை எப்போதும் பூட்டியிருக்கும். புருஷன் தங்கமானவன். மாமியார் சிரிக்க மாட்டாள். கதை சூடு பிடிப்பதற்குள் பால் டம்ளரின் அடியில் வெள்ளையாக ஏதோ ஒன்று கரையாமல் கிடக்கும். அதன் பிறகு யாரை நம்புவது என்று தெரியாமல் அந்தப் பெண் தவிப்பாள், கூடவே நாங்களும் தவிப்போம். கடைசியில், நாம் சந்தேகமே படாத ஓர் ஆள், அநேகமாக அதுவரை பூஜை அறையில் மணி அடித்துக்கொண்டிருந்த ஆள், மாட்டிக்கொள்வார்.

இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று என் கணவர் கேட்காத மாதம் இல்லை. அவர் அரசாங்க ஆபீசில் ஃபைல் பார்க்கிறவர். ஒரு விஷயம் முதல் பக்கத்தில் தொடங்கினால் கடைசிப் பக்கத்தில் கையெழுத்தோடு முடிய வேண்டும். நடுவில் திருப்பம் வந்தால் அவருக்குத் தலைவலி வந்துவிடும். நான் சொன்ன பதில் இதுதான்: ராஜா ராணிக் கதையைப் படித்துவிட்டு எழுந்தால் என் அடுக்களை முன்னைவிடச் சின்னதாகத் தெரிகிறது. இந்தக் கதையைப் படித்துவிட்டு எழுந்தால் அதே அடுக்களையில் இருக்கிற அம்மிக்குழவியின் மேல் ஒரு மரியாதை வருகிறது. தாம்புக்கயிறு, அரிவாள்மணை, மாடத்தில் இருக்கும் எலி பாஷாணம் எல்லாம் எதற்கோ காத்திருக்கிற மாதிரி இருக்கிறது. காலையில் பால் காய்ச்சுவதில்கூட ஒரு சுவாரசியம் வந்துவிடுகிறது. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அன்றைக்குத் தன் பாலைத் தானே எடுத்து ஆற்றிக்கொண்டார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணம் ஆகி நான் திருவனந்தபுரம் வந்தேன். கரமனையில், ஆற்றுக்குப் பக்கத்தில், ஒரு வீட்டின் சுவரில் அடுத்த வீட்டின் உத்தரம் ஊன்றியிருக்கும் அக்கிரகாரத் தெரு. அந்தத் தெருவில் நிஜமாக ஒரு கொலை செய்வது நடக்கிற காரியமே இல்லை. பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. கையில் ஒரு கிண்ணத்தோடு யாராவது கூடத்தைக் கடந்தால் என்ன அது, யாருக்கு அது, ஏன் அவ்வளவு கொஞ்சம் என்று மூன்று வீடுகளிலிருந்து கேள்வி வரும். விஷத்தைக் கலக்கி முடிப்பதற்குள் உப்புப் போதுமா என்று ருசி பார்க்க ஒருத்தி வந்து நிற்பாள். அதனாலேயே எங்களுக்கு அந்தக் கதைகள் அத்தனை பிடித்தன என்று நினைக்கிறேன். ஒரு ரகசியத்தை ஒரு நாள் முழுவதும் காப்பாற்ற முடிகிற வீடு என்பதே எங்களுக்குப் பெரிய கற்பனையாக இருந்தது.

மாத நாவல் நாகர்கோவில் பஸ்ஸில் கட்டாக வந்து சாலைக் கடைத்தெருவில் ஒரு தமிழ்க் கடையில் தொங்கும். எதிர்வீட்டு மாமியின் கணவர் மளிகை வாங்கப் போகும்போது ஒரு பிரதி வாங்கி, மிளகாய் வற்றலுக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவார். தெருவுக்கே அந்த ஒரு பிரதிதான். அதை மாமி முதலில் படிப்பாள். பிறகு அது யாருக்குப் போகும் என்பதற்கு அவளே ஒரு சட்டம் போட்டிருந்தாள். தூரமானவர்களுக்கு மட்டும்.

அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் தூரமான, அதாவது மாதவிலக்கான, பெண் மூன்று நாள் கொல்லைப்பக்கத்து அறையில் தனியாக இருக்க வேண்டும். யாரையும் தொடக் கூடாது, அடுக்களைப் பக்கம் போகக் கூடாது, தட்டில் சாப்பாடு தள்ளி வைக்கப்படும். அந்த வழக்கத்தின் மேல் எனக்கு ஒரு நாளும் நல்ல அபிப்பிராயம் இருந்தது கிடையாது. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். கல்யாணமான பிறகு எனக்குக் கிடைத்த ஒரே லீவு அதுதான். மற்ற நாளில் புத்தகத்தோடு உட்கார்ந்தால் அடுக்களையில் என்ன வேலை இல்லையா என்று கேட்பார்கள். அந்த மூன்று நாள் யாரும் எதுவும் கேட்க முடியாது. ஆகவே புத்தகம் தூரமானவர்களைத் தேடிக்கொண்டு கொல்லை மதில்களின் மேலேயே தெருவைச் சுற்றி வந்தது. எதிர்வரிசைக்குத் தெருக்கோடிச் சந்து வழியாகத் தாண்டும்; வாசல் பக்கம் அது தலைகாட்டியதே இல்லை. நான்காம் நாள் குளித்தவுடன் மதில் மேல் வைத்துவிட வேண்டும். தொடக்கத்தைப் பற்றி யாரும் யாருடனும் பேசலாம். முடிவைச் சொன்னவளுக்கு அடுத்த மாதம் புத்தகம் கிடையாது. மாமி இதில் ஈவிரக்கம் பார்க்க மாட்டாள். சொந்த நாத்தனாரையே ஒருமுறை தள்ளிவைத்தாள்.

இந்த ஏற்பாட்டை எங்கள் வீட்டில் என் மாமியார் எதிர்த்தார். கொலைக்கதை என்பதற்காக இல்லை, தீட்டுக்காக. "ஒவ்வொருத்தி கையிலயும் மூணு நாள் கிடந்துட்டு வர சாதனம். புஸ்தகத்தை நூல் கொண்டாக்கும் தைக்கறது. நூல்னா பஞ்சு. பஞ்சுக்குத் தீட்டு உண்டு, கேட்டியா?" என்று மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னார்.

சந்தைச் சுற்றிக் கொல்லைப்பக்கம் வந்திருந்த எதிர்வீட்டு மாமி புத்தகத்தின் முதுகை விரித்துக் காட்டினாள். "மன்னி, இது நூல் இல்லை. கம்பி அடிச்சிருக்கான். இரும்புக்கு ஏது தீட்டு?"

மாமியார் எட்டி நின்று கம்பியைப் பார்த்தார். "கம்பியோ நூலோ. எங்காத்துல அது அந்த அறையோட நிக்கட்டும். உள்ளே வரப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் அதைப் படித்துவிடுவார் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவர் பிறந்து வளர்ந்தது இதே ஊரில். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். பத்திரிகை மலையாளம், சுலோகப் புத்தகம் மலையாள எழுத்து. என் அம்மா எனக்கு எழுதிய தமிழ்க் கார்டுகளை என்னிடமே கொடுத்து, "என்ன எழுதியிருக்கா, வாசி" என்பார்.

சிரிக்காத மாமியார் என்று மேலே சொன்னேனே, அந்த ஒரு விஷயத்தில் எங்கள் வீடு நாவலுக்குக் கொஞ்சமும் குறைவில்லை. கொடுமை என்று எதுவும் கிடையாது. என்னைத் திட்டியதில்லை, பட்டினி போட்டதில்லை. ஆனால் ஒரு வார்த்தைகூட அதிகமாகப் பேசியதும் இல்லை. என் பிறந்த வீட்டை 'உங்காத்துல' என்றும் இந்த வீட்டை 'எங்காத்துல' என்றும்தான் சொல்வார். 'உங்காத்துல ரசத்துக்கு இவ்வளவு புளி போடுவா போலிருக்கு, எங்காத்துல அந்த வழக்கம் பதிவில்லை.' நான் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் அப்படித்தான். இந்த மனுஷிக்கு என்னைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். கணவர் நல்லவர், அவரைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் பகல் முழுவதும் நான் வாழ்ந்தது அவரோடு இல்லை, அவருடைய அம்மாவோடு.

மாதா மாதம் நாவல் படித்துத் தேறிய மூளைதானே, அது சும்மா இருக்குமா? தடயம் தேட ஆரம்பித்தேன்.

முதல் தடயம் கஷாயம். காலையில் வெறும் வயிற்றில் குடி, உடம்புக்கு நல்லது என்று ஒரு கறுப்புக் கஷாயத்தை வெண்கல டம்ளரில் கொடுப்பார். அதில் கருப்பட்டி போட்டிருந்தும் வேப்பெண்ணெய் மாதிரிக் கசக்கும். எந்த உடம்புக்கு, என்ன நல்லது என்று சொல்ல மாட்டார். அந்த மாதம் பார்த்துப் படித்தது பால் டம்ளர்க் கதை. நான் கஷாயத்தை வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போய், கிணற்றடி வாழைக்கு ஊற்றிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தேன். வாழை வாடுகிறதா என்று தினமும் போய்ப் பார்த்தேன். அது வாடவில்லை. அந்த வருஷம் தெருவிலேயே பெரிய குலை அதுதான் தள்ளியது.

இரண்டாவது, பொன்முடி. மலை, தேயிலைத் தோட்டம், குளிர் என்று ஆபீசில் யாரோ சொல்லி, என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றார். கல்யாணமாகி நாங்கள் இரண்டு பேரும் தனியாக எங்கேயும் போனதில்லை. நான் மாம்பழக் கலர் புடவையை எடுத்து வைத்துவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் மாமியார், "நானும் வரேன்" என்றார். கோயிலையும் ஆற்றையும் தாண்டி எங்கும் போகாதவர்! பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது ஒவ்வொரு வளைவுக்கும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். என் மடியில் எலுமிச்சம்பழமும் என் மனதில் எரிச்சலும் இருந்தன. மேலே போனதும், பள்ளத்தைப் பார்க்க நான் ஓரத்துக்குப் போனேன். மாமியார் பின்னாலேயே வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி என்றால் வளையல் அழுந்தித் தடம் விழுகிற பிடி. என் கணவர் பக்கத்தில் வந்து நின்றதும், "நீ முன்னால போய் நில்லு. எங்களுக்குப் பின்னால நிக்காதே" என்று அவரை விரட்டினார். திரும்புகிற பஸ் வரும்வரைக்கும் அந்தப் பிடி விடவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நிற்பதுகூடப் பொறுக்கவில்லை இந்த அம்மாளுக்கு என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு இறங்கி வந்தேன்.

மூன்றாவதுதான் என்னை நிஜமாகவே நோகடித்தது. நான் கொல்லை அறையில் இருக்கும் நாட்களில் மட்டும் மாமியார் மத்தியானம் இரண்டாவது தடவை குளித்தார். காலையில் விடியும்போதே குளித்து மடி உடுத்துகிறவர். சாப்பாடு முடிந்து நான் தூங்கி விழிக்கும் நேரத்துக்கு, கிணற்று ராட்டினம் கிறீச்சிடும். எழுந்து பார்த்தால் தலையோடு குளித்துவிட்டு ஈரப் புடவையைக் கொடியில் விரித்துக்கொண்டிருப்பார். மற்ற நாளில் இது கிடையாது. நான் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தது இது: என் நிழல் பட்டால்கூட இவருக்குக் குளிக்க வேண்டியிருக்கிறது. மற்ற வீட்டு மாமியார்கள் எட்டி நின்றார்கள், அவ்வளவுதான். இவர் மட்டும் என்னைத் தன் மேலிருந்து தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

புத்தகத்துக்குள் சில சமயம் கறிவேப்பிலை இருந்தது. நான் அடையாளத்துக்கு வைப்பது ஈர்க்குச்சி. அது வைத்த இடத்தில் இருக்கும். அதற்கு வெகு முன்னால், தொடக்கத்தில் எங்கேயோ ஒரு கறிவேப்பிலை தட்டையாகக் கிடக்கும். ஜன்னலுக்கு வெளியே கறிவேப்பிலை மரம். காற்றில் விழுந்திருக்கும் என்று ஊதித் தள்ளினேன். மாதா மாதம் கொலைகாரனைக் கண்டுபிடித்த என்னுடைய புத்திசாலித்தனம் இவ்வளவுதான்.

பிறகு ஒரு மாதம் நான் புத்தகத்துக்குப் போகவில்லை. என் கணவருக்குத் தெரிவதற்கு முன்னால், எனக்கே உறுதியாவதற்கு முன்னால், எதிர்வீட்டு மாமிக்குத் தெரிந்துவிட்டது. என் முறை வந்தும் மதில் மேல் புத்தகம் எடுக்கப்படாமல் கிடந்தது. வேறு தடயம் எதற்கு? அன்று மாலைக்குள் தெரு முழுவதும் என்னைப் பார்த்துச் சிரித்தது. லேடி டாக்டர் சொன்னது அப்புறம்தான்.

மாமியார் கேட்டதும் சுவாமிக்கு விளக்கேற்றிவிட்டு வந்தார். "பகவான் காப்பாத்தட்டும்" என்றார். பிறகு அடுக்களைத் தரையில் உட்கார்ந்து விரலை மடக்கினார். ஒவ்வொரு விரலாக மடக்க மடக்க அவர் முகம் விழுந்துகொண்டே போனது. தனக்குத் தானே பேசுவது போல், "அப்போ பத்து மாசத்துக்கு ஒண்ணும் கிடையாது. பின்னே கொழந்தை பால் குடிக்கற காலம்... அதுவும் கிடையாது" என்று முணுமுணுத்தார். வாசற்படியில் நின்ற என் காதில் அது விழுந்தது.

கஷாயம், பொன்முடி, குளியல், இப்போது இது. என் மூளை நாலையும் கூட்டி விடை சொல்லிவிட்டது. இந்த வீட்டுக்கு என் குழந்தை வேண்டாம், நானும் வேண்டாம். நாவலாக இருந்தால் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்ட அவசரப்பட்டிருப்பேன். என் சொந்த வயிற்றில் நடக்கிறபோது எனக்குப் புரட்டத் தைரியம் வரவில்லை. நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மசக்கை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு மத்தியானம் கிணற்றடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நெற்றியைத் தாங்கிப் பிடித்தது மாமியார். முகம் கழுவித் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அம்மா, உங்களுக்கு இந்தக் கொழந்தை வேண்டாமா?" என்று கேட்டேவிட்டேன்.

"அய்யோ! என்ன பேச்சு பேசறே?"

"நீங்கதானே விரலை மடக்கிண்டு பத்து மாசத்துக்கு ஒண்ணும் கிடையாதுன்னு சொன்னேள்? மூஞ்சியே வாடிப் போச்சு. நான் பார்த்தேன்."

மாமியார் விறுவிறுவென்று உள்ளே நடந்தார். கூடத்தைத் தாண்டிப் போய், பகல் வேளையில் எங்கள் தெரு கண்டிராத ஒரு காரியத்தைச் செய்தார்: வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"அந்தப் பால் கதையில..." என்று தணிந்த குரலில் ஆரம்பித்தார். "பாலில விஷம் வெச்சது யாரு?"

"எந்தப் பால்?" என்று கேட்டேன்.

"நாத்தனார்தானே? எனக்கு மொதல்லேயே அவ மேல சம்சயம். சொல்லு. இனி மறைச்சு என்ன? எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிக்கறதுக்குள்ள உனக்கு மூணு நாள் முடிஞ்சு போறது. புஸ்தகம் மதில் ஏறிப் போயிடறது. ஒரு கதையாவது எனக்கு முடிவு தெரியுமோ? ஒண்ணும் தெரியாது!"

நான் கும்பகர்ணன் வம்சம். மத்தியானம் படுத்தால் உலகம் தெரியாது. தலைமாட்டு ஜன்னலில் நான் வைக்கும் புத்தகத்தை, மாமியார் கம்பிக்கு இடையில் கைவிட்டு எடுத்துக்கொண்டு, கறிவேப்பிலை மரத்தடியில் நின்றே படித்திருக்கிறார். சின்ன வயதில் யாரோ கற்றுக்கொடுத்து மறந்துபோன தமிழ் எழுத்துகளைக் காலண்டர் தாளில் ஒப்பிட்டுப் பார்த்துத் திரும்பவும் பிடித்துக்கொண்டாராம். தன் இடத்துக்கு அடையாளமாக ஓர் இலையைப் பறித்து வைப்பார். நான் அதை மாதா மாதம் ஊதித் தள்ளியிருக்கிறேன். நான் தொட்ட புத்தகத்தைத் தொட்டுவிட்டு அடுக்களைக்குள் போக அவர் மனது ஒப்பாது. அதனால் குளியல்.

"அதுக்காகவா அம்மா ரெண்டாம் தரம் தலைக்குக் குளிச்சேள்? நான் பக்கத்தில இருக்கறதே ஆகலை போலிருக்குன்னு நினைச்சேன்."

"நீ பக்கத்தில இருக்கறதுக்கு எதுக்குடி நான் குளிக்கறேன்? இப்போ தொட்டுண்டுதானே உட்கார்ந்திருக்கேன்? உனக்குப் புத்தி போற போக்கு! சரி, யாருன்னு சொல்லு வேகம்."

சொன்னேன். பாலில் விஷம் வைத்தது குடும்ப டாக்டர். மாமியார் தொடையில் அடித்துக்கொண்டார். "பாவம் அந்த நாத்தனார். நான் வெறுதே அவளைத் தினம் சபிச்சிண்டிருந்தேன்." பூட்டிய மாடி அறையில் இருந்தது புருஷனின் இரட்டைச் சகோதரன் என்றதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "இரட்டையா! அதை ஆரம்பத்திலேயே சொல்ல வேண்டாமோ? இது ஏமாத்தாக்கும்." கிணற்றில் விழுந்த ஓர்ப்படி சாகவே இல்லை, பக்கத்து ஊரில் டீச்சராக இருந்தாள் என்று சொன்னபோது நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். தீர்ப்பு வராத கேஸ்கள் ஒரு வருஷத்துக்கு அவர் மனதில் குவிந்து கிடந்திருக்கின்றன. ரசம் கொதிக்கும்போதும் மாவு அரைக்கும்போதும் சிரிக்காமல் அவர் யோசித்தது அதைத்தானாம்.

கடைசியில் சற்றுத் தயங்கி, "எதுலயாவது மாமியார்தான் செஞ்சான்னு..." என்று இழுத்தார்.

"ஒண்ணுலயும் இல்லேம்மா."

"எனக்குத் தெரியும்" என்றார், நிமிர்ந்து உட்கார்ந்து. "கஷாயத்தை நீ வாழைக்கு ஊத்தினதும் எனக்குத் தெரியும். கருப்பட்டி வாசனைக்கு வாழையடியில எறும்பு வரிசை போட்டது. சரி, கொலைக்கதை வாசிக்கற பொண்ணு, பயந்திருப்பான்னு விட்டுட்டேன். அதோட, கஷாயம் வாழைக்கு ஒத்துண்டது."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரிக்கும்போது அவருக்கு ஒரு பல் இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆனால் அந்த மாத நாவல் பாக்கி இருந்தது. பூஜை மாடத்தில் மருமகள் கையில் ஓர் அந்நியப் பெண்ணின் வளையல் கிடைப்பதோடு அது தொடங்குகிறது என்று தெருவெல்லாம் பேச்சு. எங்கள் இருவருக்கும் அதற்கு மேல் தெரியாது, இனி பத்து மாதத்துக்குத் தெரியவும் வழியில்லை. மாமியார் எழுந்து புடவையை உதறிச் சரிசெய்துகொண்டார். தாழ்ப்பாளை எடுத்தார். கொல்லை வழியாக இல்லை. வாசல் வழியாக, பட்டப்பகலில், தெருவைக் கடந்து எதிர்வீட்டுப் படியேறினார். நான் எங்கள் வாசலில் நின்று கேட்டேன். தெரு அகலம் அவ்வளவுதான்.

"புஸ்தகத்தைத் தா. பொண்ணு மசக்கையில ஆசைப்படறா."

எதிர்வீட்டு மாமி அசரவில்லை. "மன்னி, தூரமானவாளுக்கு மட்டும்தானே? அதுவும் வயத்தில கொழந்தையோட கொலைக்கதை வாசிக்கப்படாது. கொழந்தை பயந்து பிறக்கும்."

"மசக்கைக்காரி ஆசைப்பட்டுக் கேட்டதைத் தரலேன்னா கொழந்தைக்குக் காது வடியும். மனசிலாச்சா? நாளைக்குக் காது வடிஞ்சா உன் ஆத்து வாசல்லதான் கொண்டு வந்து காட்டுவேன்."

மாமி கணக்குப் போட்டாள். பயந்து பிறந்தால் பழி எங்களுக்கு, காது வடிந்தால் பழி அவளுக்கு. ஆனாலும் மாதா மாதம் முதலில் படிக்கிறவள் அல்லவா, கண்ணைச் சுருக்கினாள். "ஆசைப்படறது அவளா, நீங்களா?"

"நான் எதுக்கு ஆசைப்படறேன்? தமிழ் வாசிக்கத் தெரியாதவளாக்கும் நான். எங்காத்துப் பொண்ணு வாடிப் போயிருக்கா. பார்த்துண்டு சும்மா இருக்கச் சொல்றியோ?"

எங்காத்துப் பொண்ணு. இன்னும் நன்றாகக் கேட்க ஒரு படி இறங்கி நின்றேன்.

"இப்பத்தான் கோடியாத்துலேர்ந்து வந்தது. அவ இன்னும் குளிக்கலை" என்றாள் மாமி, கடைசி அஸ்திரமாக. "நீங்க கையால வாங்கலாமோ?"

"ஏன்? கம்பிதானே அடிச்சிருக்கு? இரும்புக்கு ஏது தீட்டு? நீ சொன்னதுதானே!" என்று கையை நீட்டினார் மாமியார்.

திரும்பி வந்து கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கிணற்றடிக்குப் போகவில்லை. ராட்டினம் அன்று மத்தியானம் சத்தமே போடவில்லை. அரிவாள்மணையை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒரு சேனைக்கிழங்கை நறுக்க ஆரம்பித்தார். "நீ வாசி. நான் கேக்கறேன். எழுத்துக் கூட்டி எனக்குக் கண்ணு போச்சு."

நான் முதல் பக்கத்தைத் திறந்தேன்.

"இரு. ஒண்ணு விட்டுப் போச்சு." கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "அந்த மலைக் கதை. புருஷன் பெண்டாட்டியை மலை பார்க்கக் கூட்டிண்டு போறானே. அவளைப் பள்ளத்துல தள்ளப் போனது யாரு? அவனா?"

"இல்லேம்மா. அவ கூடப் பிறந்த அக்கா. புருஷன் நல்லவன்தான்."

சேனைக்கிழங்கு அப்படியே நின்றது. "நல்லவனா? அப்பாடா. அந்த இடம் வரைக்கும்தான் நான் வாசிச்சிருந்தேன், கேட்டியா. அந்த வாரமாக்கும் இவன் வந்து பொன்முடிக்குப் போகலாம்னான். அவனும் அதே மாதிரி தங்கமான சிரிப்பு. என் பிள்ளைதான், ஆனாலும் எப்படி நம்பறது? முடிவு தெரியாதே! ஊரான் பெத்த பொண்ணு நம்மாத்துக்கு வந்திருக்கா, அவளுக்கு ஒண்ணு ஆயிட்டா? அதாக்கும் உன் கையைப் பிடிச்சிண்டே நின்னேன். பஸ்ல வாந்தி எடுத்ததெல்லாம் வெறுதே."

பெற்ற பிள்ளையைச் சந்தேகப்பட்டு, அவனிடமிருந்து காப்பாற்ற, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துக்கொண்டு மலையேறி வந்து, மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நின்றிருக்கிறாள். நான் அதற்காக அவள் மேல் கறுவியிருக்கிறேன். எனக்குப் புத்தகத்தின் எழுத்து எதுவும் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வளையல் தடம் விழுந்த மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாமியார் நிமிர்ந்து பார்த்தார். "அழறதை அப்பறம் அழலாம். வளையல் யாருதுன்னு பாரு முதல்ல."

சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்த மகனுக்கு அவர் காபி கொடுத்தார். குடித்து முடித்ததும், கேட்காமலே இன்னொரு டம்ளர் கொடுத்து, "பாவம், நீ நல்லவன்தான்" என்று அவர் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார். என் கணவர் இரண்டாவது டம்ளரின் அடியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.